லீலாவதியின் நடிப்பைப் பற்றிப் பேசுங்களேன்

கன்னட நடிகை லீலாவதியின் பெயரை எடுத்தால் போதும், எதிரே இருப்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவருடைய சொந்த வாழ்க்கையைக் கிளற ஆரம்பித்துவிடுகிறார். யாரை மணந்தார், மகனை எப்படித் தனியாக வளர்த்தார், இதே பேச்சுதான். பெங்களூரில் உறவினர் வீட்டிலும் இப்படித்தான், சென்னையில் சினிமா தெரிந்த நண்பர்களும் இப்படித்தான். கன்னடம், தமிழ், தெலுங்கு என்று 600க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவரைப் பற்றிக் கேட்க வேறொன்றுமே இல்லையா?

புட்டண்ண கணகால் 1969இல் எடுத்த ‘கெஜ்ஜெ பூஜெ’யைப் பார்த்திருந்தால் பேச எவ்வளவோ இருக்கும். கல்பனாவுக்குத் தாயாக வருகிறார் லீலாவதி. நிஜத்தில் இருவருக்கும் ஐந்தாறு வயதுதான் வித்தியாசம். தனக்கு வாய்க்காத குடும்ப வாழ்க்கை மகளுக்காவது வாய்க்கட்டும் என்று தவிக்கிற அந்த முகத்தில் வயதுக் கணக்கெல்லாம் மறந்துபோகிறது. 1960இல் ‘ராணி ஹொன்னம்மா’வில் ராஜ்குமாருக்கு நாயகியாக நின்றவர், ஒன்பதே ஆண்டில் வளர்ந்த பெண்ணுக்கு அம்மா! அவரைவிட எட்டு வயது மூத்த ராஜ்குமார் 2000இல் ‘சப்தவேதி’ வரைக்கும் நாயகன். ராஜ்குமார் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் நடிகைகளுக்கு மட்டும் இவ்வளவு சீக்கிரம் நரைமுடி ஒட்டிவிடுகிற வழக்கத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த மூத்த வேடங்களையும் அவர் ஏனோதானோவென்று செய்யவில்லை. ‘நாகரஹாவு’ படத்தில் சாமய்யா மேஷ்ட்ருவாக, அதாவது வாத்தியாராக, வரும் அஸ்வத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியவர்தான். அவர் மனைவி துங்கம்மாவாக வந்தது லீலாவதி என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்?

இப்படி மறப்பதில் தமிழ் ரசிகர்களான நாமும் சளைத்தவர்கள் இல்லை. பாலசந்தரின் ‘அவர்கள்’ (1977) என்றதும் சுஜாதா, கமல், ரஜினி, கமல் கையிலிருக்கும் பேசும் பொம்மை வரை நினைவுக்கு வருகிறது. மகனின் கொடுமை தாளாமல் பிரிந்த மருமகளின் வீட்டில், தான் யாரென்று சொல்லாமலே வேலைக்குச் சேர்ந்து, கடைசிவரை அவள் பக்கமே நிற்கிற மாமியாரை மட்டும் ‘ரஜினியின் அம்மாவாக வருவாரே’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். லீலாவதிக்கு அப்போது நாற்பதைத் தொட்டிருந்தால் அதிகம். பெற்ற பிள்ளையையே எதிர்த்து நிற்கும் மாமியார் தமிழ் சினிமாவில் சுலபத்தில் கிடைப்பாரா?

2023 டிசம்பர் 8 அன்று லீலாவதி போய்விட்டார். நெலமங்கலா பக்கம் சோலதேவனஹள்ளியில் குடியிருந்து, அந்த ஊர் மக்களுக்காகத் தன் முயற்சியில் மருத்துவமனை கட்டிக்கொடுத்தவர். அதையும் யாராவது பேசினால்தானே! இனியாவது அவருடைய வீட்டுக் கதையை விட்டுவிட்டு, துங்கம்மாவைப் பற்றியும் ‘அவர்கள்’ மாமியாரைப் பற்றியும் நாலு வார்த்தை பேசுங்கள், ஐயா.