கப்பலில் வேலை உண்டு. கரையில் உரிமை உண்டா?

தெற்கு கொல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பில் மாலை வேளையில் நடைபாதையில் நடந்து செல்வதே பெரும்பாடு. சேலை, பாத்திரம், காதணி, பழம் என எல்லாமும் அங்கே விற்பனைக்கு உண்டு. 1996 நவம்பரில் அன்றைய இடது முன்னணி அரசு, "ஆபரேஷன் சன்ஷைன்" என்ற பெயரில் இந்த நடைபாதைக் கடைகளை இரவோடு இரவாக அகற்றியது. வியாபாரிகள் ஓய்ந்துவிடவில்லை. சங்கமாகத் திரண்டார்கள், போராடினார்கள், திரும்பி வந்தார்கள். 2014-ல் நாடாளுமன்றம் சாலையோர வியாபாரிகளுக்கென ஒரு சட்டம் இயற்றியதற்குப் பின்னால் இத்தகைய போராட்டங்கள் இருந்தன.

இதே கரியாஹாட்டிலும், அதையடுத்த பாலிகஞ்ச், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பகுதிகளிலும் இன்றைய இளைஞர்களின் கனவு வேறு. ஹோட்டல் நிர்வாகம் படித்துவிட்டு, வெளிநாட்டுச் சொகுசுக் கப்பலில் சமையல்காரராகவோ, பரிமாறுபவராகவோ, அறைப் பணியாளராகவோ சேர்ந்து டாலரில் சம்பாதிக்க வேண்டும் என்பது அந்தக் கனவு. சென்னையிலும் மதுரையிலும் கோவாவிலும் உள்ள இளைஞர்களுக்கும் இந்தக் கனவு உண்டு. அதில் தவறு ஏதுமில்லை. ஆனால், நடைபாதையில் கடை விரிப்பவருக்கு இந்நாட்டில் முறையிட ஒரு நகராட்சியும், நீதிமன்றமும், சங்கமும் இருக்கின்றன. நடுக்கடலில் பரிமாறுபவர் யாரிடம் முறையிடுவது?

இந்தக் கேள்வி கொல்கத்தாவுக்குப் புதியதல்ல. பிரிட்டிஷ் கப்பல்களில் கரி அள்ளிப் போடவும் பாத்திரம் கழுவவும் இங்கிருந்து "லஸ்கர்" எனப்பட்ட கடலோடிகள் பல்லாயிரக்கணக்கில் அழைத்துச் செல்லப்பட்டனர். வெள்ளை மாலுமிக்குக் கிடைத்த ஊதியத்தில் ஒரு பகுதிதான் அவர்களுக்குக் கிடைத்தது. முதல் உலகப்போரில் உயிரிழந்த வங்காளம், அசாம் பகுதிகளைச் சேர்ந்த 896 லஸ்கர்களின் நினைவாக 1924-ல் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம், ஹூக்ளி நதிக்கரையில் ஹேஸ்டிங்ஸ் பகுதியில் இன்றும் நிற்கிறது. அது எழுப்பப்பட்ட மறு ஆண்டே, 1925-ல், வெள்ளையரல்லாத அயல்நாட்டு மாலுமிகள் காவல்துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பிரிட்டன் ஆணை பிறப்பித்தது. தாங்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதற்குச் சான்று காட்ட முடியாத இந்திய மாலுமிகள் பலரும் அந்த ஆணைக்கு ஆளாயினர். உழைப்பு வேண்டும், உழைப்பவர் கரையில் இறங்கி நடமாடுவது வேண்டாம் என்பதே அதன் பொருள்.

நூறாண்டுகள் கழிந்தும் நிலைமை எந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்பதை 2020 பிப்ரவரியில் உலகம் கண்டது. ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் "டைமண்ட் பிரின்சஸ்" சொகுசுக் கப்பல் கொரோனா தொற்று காரணமாகத் தனிமைப்படுத்தப்பட்டது. அதில் இருந்த 3,711 பேரில் ஏறத்தாழ 1,045 பேர் பணியாளர்கள். இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் பணியாளர்கள். பயணிகள் தத்தம் அறைகளிலேயே இருக்குமாறு உத்தரவிடப்பட்டனர். அவர்களுக்குச் சமைத்தவர்கள், உணவை அறைவாசலுக்குக் கொண்டு சென்றவர்கள், துணி துவைத்தவர்கள் யார்? பணியாளர்கள்தாம். வேலை முடிந்தபின் அவர்கள் பகிர்ந்துகொள்ளும் சிற்றறைகளுக்கே திரும்பினர். பொது உணவுக்கூடத்தில் உண்டனர். பயணிகளைக் காக்க வகுத்த தனிமைப்படுத்தல், அவர்களுக்குப் பணி செய்தவர்களைக் காக்கவில்லை.

மேற்கு வங்கத்தைச் சேர்ந்த ஒரு சமையல்காரரும், மதுரைப் பகுதியைச் சேர்ந்த ஒரு பணியாளரும் தங்களை மீட்குமாறு இந்திய அரசைக் கேட்டு அப்போது வெளியிட்ட காணொளிகள் நாடு முழுவதும் பார்க்கப்பட்டன. மொத்தம் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிப்ரவரி 27-ம் தேதி ஏர் இந்தியா சிறப்பு விமானம் 119 இந்தியர்களையும் 5 வெளிநாட்டவரையும் தில்லிக்கு அழைத்து வந்தது. மத்திய அரசின் அந்த முயற்சி பாராட்டுக்குரியதே. ஆனால், காணொளி வெளியிட்டால்தான் காப்பாற்றப்படுவோம் என்ற நிலை உரிமையாகாது, அது சலுகை.

அந்தக் கப்பல் பதிவு செய்யப்பட்டிருந்தது பிரிட்டனில். இயக்கிய நிறுவனம் அமெரிக்காவில். நின்றது ஜப்பானில். வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்தும் பிலிப்பின்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இல்லை. சொகுசுக் கப்பல்களில் கணிசமானவை பனாமா, பஹாமாஸ், பெர்முடா, மால்டா ஆகியவற்றின் கொடிகளைப் பறக்கவிடுபவை. கப்பலில் செல்லும் சட்டம் எந்தக் கொடியோ அந்தக் கொடிக்குரிய நாட்டின் சட்டம். பணியாளர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு நாட்டின் சட்டம் அது!

சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2006-ல் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2015 அக்டோபரில் இந்தியா அதை ஏற்றது. எந்தப் பணியானாலும் கப்பலில் வேலை செய்பவர் எல்லோரும் கடலோடிகளே என்கிறது அந்த உடன்படிக்கை. ஆகவே, மாலுமிக்கு உள்ள பாதுகாப்பு பரிமாறுபவருக்கும் உண்டு. வேலைக்குச் சேர்த்துவிட முகவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தால் உரிமையாளர் தம் செலவில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பவை அதன் முக்கிய அம்சங்கள்.

ஆனால், அதே உடன்படிக்கை அனுமதிக்கும் வேலை நேரத்தைப் பாருங்கள். ஒரு நாளில் 14 மணி நேரம் வரை, ஒரு வாரத்தில் 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். சொகுசுக் கப்பலில் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வரை நீளும் ஒப்பந்தக் காலத்தில் வார விடுமுறை என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோவில் தொழிலாளர் தெருவில் இறங்கிய 1886-ம் ஆண்டை மே தினம்தோறும் நாம் கொண்டாடுகிறோம். அந்த வெற்றி கடலோரத்தோடு நின்றுவிட்டது.

பயண உரிமையின் நிலை இன்னும் வேடிக்கையானது. துறைமுகத்தில் கப்பல் நிற்கும் சில மணி நேரம் கரையில் இறங்கி, வீட்டுக்குப் பேசி, மருந்து வாங்கி, மண்ணில் கால்வைத்து வருவது கடலோடியின் நெடுநாள் உரிமை. கடலோடிகளுக்கான அடையாள ஆவணம் குறித்த 185-வது உடன்படிக்கை, இதற்கு விசா தேவையில்லை என்கிறது. இதையும் இந்தியா 2015-ல் ஏற்றது. 2019 நவம்பரில், முக அடையாளத்தைப் பதிவு செய்யும் கடலோடி அடையாள அட்டையை உலகிலேயே முதன்முதலாக வெளியிட்டோம் என்று தில்லியில் பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. கொல்கத்தாவிலும் சென்னையிலும் அதற்கான மையங்கள் திறக்கப்பட்டன. ஆனால், சொகுசுக் கப்பல் தொழிலின் தலைமைச் சந்தையான அமெரிக்கா அந்த உடன்படிக்கையை ஏற்கவே இல்லை. அங்கே தனி விசா இல்லாமல் பணியாளர் கரையிறங்க முடியாது. மியாமி துறைமுகத்தில் பயணிகள் ஊர் சுற்றிப் பார்க்க இறங்கும்போது, அவர்களுக்குக் காலை உணவு பரிமாறியவர் கரையில் கால்வைப்பதா வேண்டாமா என்பதைக் குடியேற்ற அதிகாரி முடிவு செய்கிறார்.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நம் துறைமுகங்களே நம் கடலோடிகளுக்கு மூடப்பட்டன. "மரெல்லா டிஸ்கவரி" என்ற சொகுசுக் கப்பலில் இருந்த ஏறத்தாழ 145 இந்தியப் பணியாளர்கள், மும்பைக்கு அருகே கடலிலேயே காத்துக் கிடந்தார்கள். ஏப்ரல் 21-ம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் வழிமுறைகளை வெளியிட்ட பிறகே அவர்கள் ஏப்ரல் 23-ல் கரையிறங்க முடிந்தது. சொந்த நாட்டுக் குடிமகன் சொந்த மண்ணில் இறங்க ஒரு சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை எளிதில் மறந்துவிட முடியாது.

மறப்பது எளிதாக இருப்பதற்கு ஓர் அரசியல் காரணமும் உண்டு. ராணுவ வீரருக்கு அஞ்சல் வாக்கு இருக்கிறது. வணிகக் கப்பலில் பணிபுரிபவருக்கு இல்லை. தேர்தல் நாளில் அட்லாண்டிக் கடலில் இருப்பவர் வாக்களிக்க வழியே கிடையாது. மத்திய அரசின் கணக்குப்படி இந்தியக் கடலோடிகள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். உலகக் கடலோடிகளில் 12 சதவீதம். இவ்வளவு பெரிய தொகுதி வாக்குச்சாவடிக்கு வர முடியாத தொகுதியாக இருப்பதால்தான் எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் இவர்களுக்கு ஓரிடம் கிடைப்பதில்லை.

கடுமையாகக் கேள்வி கேட்டால் கப்பல் நிறுவனங்கள் வேறு நாட்டுத் தொழிலாளர்களை நாடிச் சென்றுவிடும், நம் இளைஞர்களின் வேலை பறிபோகும் என்று வாதிடுவோர் உண்டு. இதை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால், ஆள் அனுப்பும் நாடுகள் தனித்தனியே நின்று விலை குறைத்துப் போட்டியிடுவதால்தான் இந்த அச்சம் பிறக்கிறது. பிலிப்பின்ஸும் இந்தோனேசியாவும் இந்தியாவும் சேர்ந்து ஒரே குறைந்தபட்ச நிபந்தனையை வைத்தால் நிறுவனங்கள் வேறு எங்கே போகும்? ஆங்கிலமும் ஹோட்டல் பயிற்சியும் உள்ள லட்சக்கணக்கான இளைஞர்கள் ஒரே நாளில் வேறெங்கும் முளைத்துவிட மாட்டார்கள்.

2024 செப்டம்பரில் மத்திய அரசு "குரூஸ் பாரத்" இயக்கத்தைத் தொடங்கியது. 2029-க்குள் சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது அதன் இலக்கு. 2025-ல் பழைய 1958-ம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பயணிகளை எண்ணும் அரசு, பணியாளர்களையும் எண்ண வேண்டிய நேரம் இது.

செய்ய வேண்டியவை பெரிய ரகசியங்கள் அல்ல. புதிய சட்டத்தின்கீழ் வகுக்கப்படும் விதிகளில், சொகுசுக் கப்பலின் ஹோட்டல் பிரிவுப் பணியாளர்களுக்கான வேலை நேரமும் ஓய்வும் தெளிவாக இடம்பெற வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பும், உரிமம் பெறாத முகவர்கள் மீது கொல்கத்தாவிலும் சென்னையிலும் காவல்துறையே முன்வந்து வழக்குத் தொடர வேண்டும். இந்திய அடையாள அட்டையை ஏற்குமாறு அமெரிக்காவுடனான வர்த்தகப் பேச்சுகளில் வலியுறுத்த வேண்டும். கடலோடிகளுக்கு மின்னணு அஞ்சல் வாக்கு தரத் தேர்தல் ஆணையம் வழிகாண வேண்டும்.

கரியாஹாட் நடைபாதை வியாபாரி ஒருமுறை விரட்டப்பட்டார். திரும்பி வந்து தம் இடத்தைச் சட்டத்தில் எழுதவைத்தார். அவரால் அது முடிந்தது, அவர் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் நின்றதால். கடலில் நிற்பவர் யார் கண்ணிலும் படுவதில்லை. அவருக்காகக் கரையில் இருப்பவர்கள்தாம் பேசியாக வேண்டும்.