"பரவாயில்லை" என்றால் போதுமா?

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "பரவாயில்லம்மா" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையால் ராணிப்பேட்டையில் எங்கள் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல.

2020 ஊரடங்கு சமயம். டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் வைத்தியம் சொல்ல, அந்த மார்ச் மாதம்தான் மத்திய அரசு விதிமுறை வெளியிட்டிருந்தது. என் மாமியாருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. செல்போனில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். மாத்திரை சொன்னார். நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டு விசாரித்தார். "பரவாயில்லை" என்றார் அத்தை.

இட்லியை ரசத்தில் ஊறப்போட்டு விழுங்கியதும், ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருந்ததும் எனக்கல்லவா தெரியும்! போனை வாங்கிச் சொன்னேன். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று நேரில் வரச் சொல்லி, பல்லை எடுத்தார்.

கேமராவில் சொத்தை தெரியும்; வலி தெரியுமா? அதை நாம்தான் சொல்ல வேண்டும். இதற்கென்றே ஆஸ்திரேலியாவில் ஸ்லேட், ஸ்பென்சர் என்ற இருவர் 1994-ல் 49 கேள்விகள் தயாரித்தார்கள். 1997-ல் ஸ்லேட் அதை 14 ஆகச் சுருக்கினார். சாப்பிடக் கஷ்டமா, பேச்சு தடுமாறுகிறதா, நாலு பேர் முன் கூச்சமா, வேலை கெடுகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். "ஒருபோதும் இல்லை" என்றால் 0, "மிக அடிக்கடி" என்றால் 4. மொத்தம் 56. பரீட்சை மாதிரி இல்லை. இதில் மார்க் குறையக் குறையத்தான் நல்லது!

நாமும் ஒரு நோட்டில் எழுதலாமே. எதை மெல்ல முடிந்தது, எத்தனை முறை விழிப்பு வந்தது, எத்தனை மாத்திரை போட்டது. வைத்தியத்துக்கு முன்னால் ஒரு தரம், ஒரு வாரம் கழித்து ஒரு தரம். கேள்வி அதேதான் இருக்கணும்; அப்போதுதான் குணம் தெரியும். பதிலையும் வலிப்பவர் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். டாக்டரைப் பார்க்கப் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அவளுக்குப் போன் வைத்தியம் வரம்தான், உள்ளதை உள்ளபடி சொன்னால்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க, விழுங்க, மூச்சுவிடக் கஷ்டமானாலோ போனும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது அத்தை முறுக்கே கடிக்கிறார். கேட்டால் பதில்? "பரவாயில்லம்மா!"