கட்டிய வரிக்குச் சாட்சி எங்கே?

வரி ஏய்ப்பவர்களைப் பற்றிப் பேசாத மேடையில்லை, எழுதாத ஏடில்லை. வரியை ஒழுங்காகக் கட்டிவிட்டு, கட்டிய சீட்டைத் தொலைத்துவிட்டு விழிப்பவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருப்பதால் நான் எழுதுகிறேன்.

என் பெரியப்பா சூரமங்கலத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுபவரும் அவரே. ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டினால், ஆண்டு முடியுமுன்பே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளுக்குள் தவணையாகச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். கடைவீதியில் இதை ‘அட்வான்ஸ் டாக்ஸ்’ என்பார்கள். 2024-25 நிதியாண்டுக்கு, ஜூன் தவணையையும் சேர்த்துச் செப்டம்பரில் 18,000, டிசம்பரில் 12,000, மார்ச்சில் 10,000 ரூபாய் கட்டினார். செலான்களைக் காலண்டர் ஆணியில் குத்தி வைப்பது அவர் வழக்கம். 2025இல் கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது ஆணியில் இரண்டு சீட்டுகளே இருந்தன. செப்டம்பர்ச் சீட்டைக் காணோம்! வருமான வரித் துறையின் ஏ.ஐ.எஸ். அறிக்கையிலும் 22,000 ரூபாய்தான் வரவாகியிருந்தது.

“வட்டியோடு இன்னொரு முறை கட்டிவிடுங்கள், தொல்லை விட்டது” என்றார் கணக்கு எழுதிக் கொடுப்பவர். இந்த யோசனையைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. 18,000 ரூபாய் என்ன, தெருவில் கிடக்கிறதா? “கட்டினேன் கண்ணு. ஆனா எதை வச்சுச் சொல்றது?” என்று கேட்ட பெரியப்பாவின் முகம் திருடிப் பிடிபட்டவர் முகம்போல் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வங்கிப் பாஸ்புக்கைப் புரட்டினேன். செப்டம்பரில் 18,000 ரூபாய் கழிந்திருந்தது. பணம் போயிருக்கிறது, போய்ச் சேர்ந்த இடம்தான் தெரியவில்லை. வங்கிக் கிளையின் 7 இலக்க எண், கட்டிய தேதி, 5 இலக்கச் செலான் எண் ஆகிய மூன்றும்தான் ஒரு வரிச் செலானுக்கு முகவரி. தேதி கையில் இருந்ததால், இரவெல்லாம் யோசித்து, முந்தைய ஆண்டின் ஏ.ஐ.எஸ். அறிக்கையைத் திறந்து பார்த்தேன். அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது அந்த 18,000!

நடந்தது இதுதான். 2024-25இல் சம்பாதித்த பணத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. செலான் போட்டவர் ‘நடப்பு ஆண்டு’ என்று எண்ணி 2024-25 என்றே குறித்துவிட்டார். நிதியாண்டுக்கு ஒரு பெயர், மதிப்பீட்டு ஆண்டுக்கு இன்னொரு பெயர் என்று அப்போது வைத்திருந்தால் கடைக்காரர் குழம்பாமல் என்ன செய்திருப்பார்? கட்டிய 7 நாளுக்குள் என்றால் ஆண்டை இணையத்திலேயே திருத்தியிருக்கலாம். அது கடந்துவிட்டதால், வங்கிக் கணக்கு நகலை இணைத்து மதிப்பீட்டு அலுவலருக்கு மனு எழுதினோம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்தில் இடம்பெறத் தகுதியற்றவர் என்று விதித்தது. அது பொதுப்பணத்தை வாங்கியவரிடம் கேட்ட கணக்கு. இன்றோ கொடுத்தவனே தேடி எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது!

நண்பர்களே, வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு விடை காணும் எனக்கு ஒரு செலானைப் படிக்கத் தெரியவில்லை. எந்த வகுப்பில் சொல்லித் தந்தார்கள்? நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதமெல்லாம் நம் கைக்குத்தான் வருகிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், நல்லதுதான். ஒரு மாலைப் பொழுதை இதற்கும் ஒதுக்கினால் என்ன? வணிகவியல் துறைப் பேராசிரியர்கள் மனம் வைத்தால் முடியாததா?

தாக்கலுக்கு நீட்டிக்கப்பட்ட கடைசி நாளான 2025 செப்டம்பர் 16க்குச் சில நாட்கள் முன்பு திருத்தம் ஏறியது. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு அதையும் அதே காலண்டர் ஆணியில் குத்தினார். என்னிடம் ஒரு நகல் இருப்பதை நான் சொல்லவில்லை.