வீதி திறந்தது! வேலி திறப்பது எந்நாள்?

யாழ்ப்பாண நகரிலே தொடங்கி வடக்கு நோக்கிச் செல்லும் பலாலி வீதி, திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வயாவிளான் ஆகிய ஊர்களை ஊடறுத்துக் கடலோரத்துப் பலாலியைச் சென்றடைவது. நீளம் ஏறக்குறைய 10 மைல். குடாநாட்டுச் செம்மண்ணின் செழுமையை இருமருங்கும் கண்டவாறே செல்லலாம். தோட்டக்காரனின் விளைவைத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இவ்வீதியே. இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது பிரித்தானிய விமானப்படை பலாலியில் ஓடுபாதை அமைத்தது. பின்னர் அது பொதுமக்களின் விமான நிலையமாயிற்று. விமானமேறச் சென்றவரும் வெங்காயம் ஏற்றி வந்தவரும் ஒரே வீதியிற் சென்றனர். ஒருவருக்கொருவர் இடையூறாக இருந்தாரில்லை.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் போர் மூண்டது. வலிகாமம் வடக்கு மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். அவர்கள் விட்டுச்சென்ற ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. போர் 2009இல் முடிந்தது. ஆயினும் வயாவிளானுக்கும் பலாலிக்கும் இடைப்பட்ட வீதி 2025 ஏப்ரல் 10 ஆந் திகதியே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. திறந்ததை வரவேற்கிறோம். நல்லதை நல்லதென்று கூறத் தயங்குவது நம் வழக்கமன்று.

ஆனால் திறந்தபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகள் யாவை? காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரையே பிரயாணம், கால்நடையாகச் செல்லலாகாது, இடையில் வாகனத்தை நிறுத்தலாகாது, படம் பிடிக்கலாகாது! வீதி என்பது போவதற்கு மட்டுமன்று. தன் படலையடியில் இறங்குவதற்குமே. சொந்தக் காணியைக் கண்ணாற் கண்டும் காலடி வைக்கவியலாதவனுக்கு அவ்வீதி தந்தது என்ன? நேரக்கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம், நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கலாம். அதனால் மாத்திரம் காணி மீளாது.

விமான நிலையத்துக்குக் காவல் வேண்டாமோ என்று சிலர் வினவுவர். வேண்டும். எவ்வளவு காணி வேண்டும் என்பதே வினா. பொதுத் தேவைக்கு நிலம் எடுப்பதற்கு 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் உண்டு. தேவையை அறிவித்தல், அளத்தல், ஆட்சேபனை கேட்டல், நட்டஈடு வழங்கல் என்பன அதன் படிகள். வலிகாமம் வடக்கிலோ, முதலிற் கைப்பற்றல் நடந்தது. சட்டத்தின் 2 ஆம் பிரிவு அறிவித்தல், இருபது ஆண்டுகள் கடந்தபின், 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கருக்கு ஒட்டப்பட்டது! ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர் நீதிமன்றத்தை நாடினர். அதன்பின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகமும் 2017இல் மீண்டது. கேட்டவருக்கே கிடைத்தது, கேளாதிருந்திருப்பின் இதுவும் கிடைத்திராது.

ஆகவே நாம் கோருவது சலுகையன்று, சட்டம். ஓடுபாதைக்கு மெய்யாகவே வேண்டிய நிலம் எதுவென்று அளந்து, வரைபடத்தைப் பகிரங்கப்படுத்துக. அதற்கு உரிய நட்டஈடு வழங்குக. எஞ்சியதை உரியவரிடம் ஒப்படைத்திடுக. காவலின் பெயரால் எடுத்த மண்ணில் இராணுவம் கமஞ் செய்வதற்கு எச்சட்டமும் இடந்தரவில்லை.

நம்மவர்க்கும் ஒரு கடமை உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு தலைமுறை மறைந்துவிட்டது. உறுதி பாட்டன் பெயரில் இருக்கிறது; பேரர் பல தேசங்களிற் சிதறியிருக்கின்றனர். நாளை வேலி திறக்குமாயின், எல்லை காட்டவல்ல முதியோர் எத்தனைபேர் இருப்பர்? கமக்காரப் பெருமக்களே, உறுதிகளைத் தேடியெடுங்கள். காணிப் பதிவகத்திற் பிரதி பெறுங்கள். எல்லையறிந்த முதியோரின் வாய்மொழியைச் சத்தியக் கடதாசியாக எழுதிவையுங்கள். சட்டத்தரணிகளும் நொத்தாரிசுகளும் நிலஅளவையாளரும் ஊர்தோறும் ஒருநாள் அமர்ந்து இப்பணியை ஊதியமின்றிச் செய்தல் வேண்டும்.

வீதியைத் திறந்தவர்கள் வேலியையும் திறக்கட்டும். அந்நாளில் உறுதியைக் கையிலேந்தி நிற்க நாம் ஆயத்தமாவோம்!