கூரைமேல் ஒரு பந்தல்

யூதர்களின் அறுவடைத் திருநாளாகிய கூடாரப் பண்டிகையைக் குழந்தைகளுக்குச் சொல்லும் படப்புத்தகங்கள் அமெரிக்காவில் எத்தனையோ வந்திருந்தாலும், டேவிட் ஆட்லர் எழுத, மரிலின் ஹிர்ஷ் சித்திரம் தீட்ட, 1976-ஆம் ஆண்டில் வெளியான 'தி ஹவுஸ் ஆன் தி ரூஃப்' என்னும் சிறு நூலின்மேல் எனக்குள்ள பிரியம் அலாதியானது.

எகிப்தை விட்டு வெளியேறிய முன்னோர் நாற்பது ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைந்த நினைவாகவும், விளைச்சல் களஞ்சியம் சேர்ந்த ஆனந்தத்தாலும், திஷ்ரி மாதத்துப் பௌர்ணமி தொடங்கி ஏழு நாட்கள் அவர்கள் சுக்கா என்னும் பந்தலில் அமர்ந்து உண்டு களிக்கிறார்கள். அப்பந்தலின் சாஸ்திரம் வெகு நுட்பமானது: கூரை, மண்ணில் விளைந்து வெட்டப்பட்ட கிளைகளாலும் தழைகளாலுமே ஆகவேண்டும், பகலில் வெயிலைக் காட்டிலும் நிழல் மிகுந்திருக்க வேண்டும், இரவில் அண்ணாந்தால் தழைகளின் இடுக்கில் நட்சத்திரங்கள் தெரிவது விசேஷம். மரத்தடியிலோ வேறொரு கூரையின் கீழோ கட்டினால் அது செல்லாது. தோட்டமுள்ளவனுக்கு இதில் சிரமமில்லை. அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் கிழவர் என்ன செய்வார்?

மொட்டைமாடிக்குப் போகிறார். பேரக்குழந்தைகளுக்காக அவர் பாடுபட்டு அங்கே பந்தலை எழுப்ப, வீட்டுக்காரி வெகுண்டு வியாஜ்யம் தொடுக்கிறாள். பந்தலைப் பிரிக்க வேண்டியதுதான் என்று தீர்ப்பளிக்கும் நீதிபதி, அதற்குக் கொடுக்கும் தவணையோ பண்டிகை முடிந்த பின்னும் மிஞ்சுகிறது! பிரிப்பதற்கென்றே கட்டப்படும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு ஏது? பண்டிகை நூல்கள் பலவும் சடங்குகளை வரிசையாக ஒப்பித்துக் குழந்தையை அலுக்கச் செய்கின்றன. இதிலோ பந்தல் நிற்குமா, போய்விடுமா என்ற கவலையே அதனைக் கைப்பிடித்துப் பண்டிகைக்குள் அழைத்துச் செல்கிறது. உபதேசத்தை இப்படிக் கதைக்கு விட்டுக்கொடுக்கும் துணிவு குழந்தை நூலாசிரியர்களிடம் அபூர்வம்.

ஹிர்ஷ் அம்மையார் 1960-களில் அமெரிக்க அமைதிப் படைத் தொண்டராக நாசிக்கில் கற்பித்தவர். அவருடைய தொடக்ககால நூல்கள், கார்ட்டூன் கலைஞர் சங்கர் 1957-இல் டெல்லியில் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டின் வெளியீடாகவே வந்தன. நம் தேசத்தோடு இவ்வளவு உறவுடைய கைகள் வரைந்த இந்நூலைத் தமிழில் கொண்டுவர யாரேனும் ஒரு பதிப்பாளர் முன்வர வேண்டும். வந்தால், செலவைக் கருதி அந்தச் சித்திரங்களில் ஒன்றையேனும் குறைத்துவிடலாகாது என்பது என் வேண்டுகோள்.