தொட்டியில் வளர்க்க ஆமையா, தவளையா?

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் என்னை அணுகினார். "உங்கள் வீட்டில் ஆமை வளர்க்கிறீர்களாமே! என் மகன் தனக்கும் ஒன்று வேண்டுமென்று பிடிவாதம் செய்கிறான். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. ஆமையோ, தவளையோ, எதை வாங்கலாம்?" என்று கேட்டார். நின்ற நிலையில் விடை கூறக்கூடிய கேள்வி அன்று அது. ஆகவே இம்மாதப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் புசாவளில் இருந்தோம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. கடைவீதியில் மீன் விற்பவரிடம் காதோரம் சிவப்புக் கோடுடைய பச்சை ஆமைக் குஞ்சுகளைக் கண்டவள், "அப்பா, காசவ்!" என்று மராத்தியில் கூவி அங்கேயே நின்றுவிட்டாள். "இவை இதற்குமேல் வளரா" என்றார் விற்பவர். நம்பி இரண்டு வாங்கினேன். ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா" என்று முணுமுணுத்தார். நான் நகைத்தேன்.

நான்கு மாதத்தில் ஒன்றின் ஓடு நகம் பட்டாலே குழியும்படி மிருதுவாகிவிட்டது. ஒரு நாள் காலையில் அது இறந்து கிடந்தது. குழந்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. காரணத்தைப் பின்னரே அறிந்தேன். நான் கொடுத்ததெல்லாம் உலர்ந்த இறாலும் சோற்றுப் பருக்கையும். ஓடு கெட்டிப்பட வேண்டிய சுண்ணாம்புச் சத்து அவற்றில் போதாது. வெயில் படட்டுமென்று தொட்டியை ஜன்னல் கண்ணாடியின் பக்கத்தில் வைத்திருந்தேன். ஆமைக்குத் தேவையான புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வாராது என்பது எனக்குத் தெரியாது. ஏறி உலர ஒரு கல்கூட வைக்கவில்லை. வீடு ஆமையால் கெடவில்லை. ஆமைதான் என் வீட்டால் கெட்டது.

மற்றொன்று பிழைத்தது. அதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு. பெண் ஆமை ஓரடி நீளம் வரை வளரக்கூடும். நன்கு பேணினால் முப்பது ஆண்டுகள் வாழும். இரண்டடித் தொட்டி அதற்கு ஓராண்டுக்குக்கூடப் போதாது. எங்களுக்கு நாகபுரிக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது பாத்திரங்களை எல்லாம் ஒரு பக்கம் கட்டிவிட்டு, இதை என்ன செய்வதென்று இரவெல்லாம் யோசித்தேன். "கோயில் குளத்தில் விட்டுவிடுங்கள், புண்ணியம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அது புண்ணியமன்று. உலகில் பெருங்கேடு விளைக்கும் நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் இவ்வாமையும் ஒன்று. நம் குளங்களில் விடப்பட்டால் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். ஈரச் சாக்கு விரித்த கூடையில் அதனையும் உடன் கொணர்ந்தேன். இப்போது கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, பாதி நிழலும் பாதி வெயிலுமாக வைத்திருக்கிறேன். அடுத்த மாற்றல் எப்போது, எவ்வூருக்கு என்பது அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி, அன்பரின் கேள்விக்கு வருவோம்.

மறைவாக விற்கப்படும் நட்சத்திர ஆமையை எவரும் வாங்கலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வைத்திருப்பதே குற்றம். சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. 2019-இல் அதன் சர்வதேச வியாபாரமும் தடுக்கப்பட்டது. மேலும் அது தரையில் வாழும் பிராணி. நீர்த்தொட்டியில் இட்டால் மூழ்கி இறக்கும். நம் நாட்டு நீராமைகள் பலவற்றுக்கும் அச்சட்டத்தின் காப்பு உண்டு.

இக்காலத்தில் இளைஞர்கள் விரும்பும் மற்றொன்று ஆக்சலாட்டில். மெக்சிகோ நகரையடுத்த சோச்சிமில்கோ ஏரிப் பகுதியைச் சேர்ந்த நீர்ப்பல்லி போன்ற பிராணி. அதற்குப் பதினாறு முதல் பதினெட்டு டிகிரி வரையுள்ள குளிர்ந்த நீர் வேண்டும். நாகபுரியின் மே மாத வெயில் நாற்பத்தைந்து டிகிரியைத் தொடுவதை நாம் அறிவோம். நீரைக் குளிர்விக்கும் இயந்திரமின்றி அதை வாங்குவது கொலைக்குச் சமம்.

மூன்றாவது, ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. ஒன்றரை அங்குலமே வளரும். எப்போதும் நீரிலேயே வாழும். ஐந்தாண்டும் அதற்கு மேலும் உயிர் வாழும். அன்பரின் தொட்டிக்கு அளவில் பொருந்துவது இதுவொன்றே. மூச்சு வாங்க மேலே வரவேண்டியதாகையால் நீர் ஆழமாக இருத்தலாகாது. துள்ளி வெளியேறாதபடி மூடியும் அவசியம். நீரின் வெப்பம் இருபத்தைந்து டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும் என்பதால் இவ்வூர்க் கோடையில் இதுவும் சிரமமே.

பிராணி எதுவாயினும் ஓர் எச்சரிக்கை. ஆமை முதலியவற்றின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கும். குழந்தைகள் குட்டி ஆமைகளை வாயில் வைத்து நோயுற்றதனால், நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்க அரசு 1975-இல் தடை செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் இவை வேண்டாம். தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டலாகாது. தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

ஏற்கெனவே ஆமை வாங்கி அவதியுறுவோர் அதைக் குளத்தில் விடாமல் வனத்துறை அலுவலகத்தையோ பிராணி நலச் சங்கத்தையோ கலந்து ஆலோசிக்கலாம்.

என் முடிவான அபிப்பிராயம் இது: தொட்டியில் நான்கைந்து கப்பி மீன்களை விடுங்கள். ஊர்வனவற்றையும் தவளை இனத்தையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விளக்கடியில் பூச்சி பிடிக்கும் பல்லி நம் சுவரிலேயே இருக்கிறது. சென்ற ஆடி மாதத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் கொல்லைப்புறக் குட்டையில் தேரையொன்று நூல்மாலைபோல் முட்டைச் சரத்தை இட்டிருந்தது. என் மகள் பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அங்கே ஓடுவாள். தலைப்பிரட்டைக்குப் பின்கால் முளைத்ததையும், வால் குறுகியதையும் நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதினாள். ஒரு நாள் அவை யாவும் தத்திப் போய்விட்டன. அவள் அழவில்லை. "அடுத்த மழைக்கு வரும், அப்பா" என்றாள்.

அன்பரின் மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு அழைத்து வரட்டும். சிமெண்டுத் தொட்டியை அவனே தேய்த்துக் கழுவி நீர் மாற்றிப் பார்க்கட்டும். அதன் பின்னும் ஆமை வேண்டுமென்றால், மேற்கொண்டு பேசுவோம்.