முல்லைப்பெரியாறு: அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு... காவல் மட்டும் ஏன் கேரளா?

கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயலுக்குத் தண்ணி தரும் முல்லைப்பெரியாறு அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. ஆனா, அங்கே காவல் நிற்பது கேரள போலீஸ்!

ஏன் இப்படி?
1886 ஒப்பந்தப்படி நிலம் 999 வருஷக் குத்தகை. ஆனா அணை இருப்பது இடுக்கி மாவட்டத்தில். சட்டம் ஒழுங்கு மாநில அதிகாரம் என்பதால் காவலும் கேரளாவுக்கு.

மத்தியப் படை வராதா?
2015-ல் சிஐஎஸ்எஃப் பாதுகாப்பு கேட்டு உச்ச நீதிமன்றம் போனது தமிழ்நாடு. 'கேரளா கேட்டால்தான் அனுப்ப முடியும்' என்பது மத்திய அரசின் நிலைப்பாடு.

உளவுத்துறையின் வேலை என்ன?
அச்சுறுத்தல் பற்றிய தகவலைத் திரட்டி, மாநிலங்களை எச்சரிப்பது. ஐ.பி.க்கு கைது அதிகாரம் கிடையாது. எச்சரிக்கை வந்தாலும், அணையில் நிற்கப்போவது கேரள போலீஸ்தான்.

நமக்கு என்ன?
கிழக்கே தேனி, மதுரை உட்பட 5 மாவட்டங்களின் தண்ணி. மேற்கே இடுக்கி மக்களின் உயிர். ரெண்டுக்கும் காவல் ஒண்ணுதான்.